பரணில் ஏறிய கலம்

அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். விடுமுறைக்குத் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்கு வந்த அன்றே சமையலறைக் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, ஜாம் போத்தலின் வாயில் இருத்தி, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வைத்தாள். எங்கள் பக்கத்தில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து குச்சவெளிப் பக்கம் போனால் மணல் தரையில் பாத்தி பாத்தியாக நிற்கும். மூன்றாம் நாள் வெள்ளை நூல் மாதிரி வேர்கள் இறங்கிவிட்டன. ஒரு வேரில், நுனியிலிருந்து மேலே ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் பார்த்தால் மேலே இருந்த புள்ளிகள் வைத்த இடைவெளியிலேயே நின்றன. நுனிக்குச் சற்று மேலே இருந்தவை மட்டும் ஒன்றையொன்று விட்டு விலகிப் போயிருந்தன.

“மாமா, வேர் நுனியாலதான் வளருது எண்டா, மண்ணுக்குள்ள முட்டி முட்டி அந்த நுனி தேஞ்சு போகாதா? புதுக் கலம் செய்யிற கலமெல்லாம் ஒருநாள் முடிஞ்சு போகாதா?”

இரண்டு கேள்விகள். முதலாவதற்கு விடை லேசு: தேய்கிறதுதான், ஆனால் தேய்வதற்கென்றே ஒரு தொப்பி இருக்கிறது. வேர்மூடி என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். அதன் வெளிப்புறக் கலங்கள் மண்ணில் உரசி உதிர்ந்துகொண்டே இருக்கும். சோளத்தின் ஒரு வேர்நுனி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். உள்ளிருந்து புதியவை வந்துகொண்டே இருப்பதால் தொப்பி சிறுப்பதில்லை.

இரண்டாவது கேள்விதான் விஷயம். உதிர்வதற்கும் நீள்வதற்கும் கலம் கொடுத்துக்கொண்டே இருக்கிற அந்த மூலம் ஏன் தீர்ந்துபோவதில்லை? அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். இலங்கையில் நாங்கள் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள். புதுப் புதுக் கலங்களுக்குத் தாயாக இருக்கும் கலத்தை இங்கே மூலக்கலம் என்று எழுதப்போகிறேன். குருத்தணு என்றும் சொல்வதுண்டு. சில இடங்களில் ‘தண்டுக்கலம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். மனித உடலைப் பற்றிக் கதைக்கும்போது அது பரவாயில்லை. செடியைப் பற்றிக் கதைக்கும்போது ‘வேருக்குள் தண்டு எப்படி வந்தது’ என்று பிள்ளைகள் குழம்புவார்கள், நியாயம்தான்.

மூலக்கலம் செய்வது ஒரே வேலை. இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டில் ஒன்று அந்த இடத்திலேயே மூலக்கலமாக நிற்கும். மற்றது விலகிப் போய் வெளித்தோலான மேற்றோலாகவோ, அதற்கு உள்ளேயுள்ள மேற்பட்டையாகவோ, தண்ணீர் கொண்டுபோகும் காழாகவோ மாறும். மூதூர், கிண்ணியாப் பக்கத்து வீடுகளில் எருமைத் தயிர் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சட்டி முழுவதையும் சாப்பிட்டு முடிக்க மாட்டார்கள். ஒரு கரண்டியை நாளைய உறைக்கு எடுத்து வைப்பார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டியில் எந்தக் கரண்டித் தயிர் உறையாகப் பிறந்தது? எதுவும் இல்லை. எடுத்து வைத்த கரண்டி உறையாயிற்று, அவ்வளவுதான். வேர்நுனிக் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

நான் படித்த காலத்தில் செய்முறைப் பரீட்சைக்கு வெங்காய வேரை வெட்டி, அமிலத்தில் சூடுகாட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தட்டில் நசுக்கி, நுணுக்குக்காட்டியில் இழையுருப்பிரிவை, அதாவது கலம் இரண்டாகப் பிரிவதை, காட்ட வேண்டும். நுனியிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் என்று சொல்லியிருந்தார்கள். நான் பதற்றத்தில் வேரை வெட்டிவிட்டு, நுனித் துண்டு எது, மேல் துண்டு எது என்று மறந்துபோனேன். எடுத்து நசுக்கியது மேல் துண்டு. பிரிகிற கலம் ஒன்றுகூட இல்லை. நீள நீளமாக, வெறும் பெட்டிகள். புள்ளி போனது. ஆனால் வேரின் அமைப்பு எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்: நுனியில் ஒரு சிறு துண்டில் கலங்கள் பிரிகின்றன, அதற்கு மேலே பிரிவதை விட்டு நீள்கின்றன, அதற்கும் மேலே நீள்வதையும் விட்டுத் தங்கள் தங்கள் தொழிலில் இறங்குகின்றன. மருமகளின் மைப்புள்ளிகள் விலகியது அந்த நீளும் பகுதியில்.

பிரியும் பகுதிக்குப் பிரியிழையம் என்று பெயர். அதற்குள்ளே போய்ப் பார்க்க வெங்காயம் வசதியில்லை. கலங்கள் அதிகம், வேரும் தடிப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் என்ற ஒரு களையை. சமையலுக்கும் உதவாது, மாட்டுக்கும் பெரிதாக உதவாது. ஆனால் ஆறு கிழமையளவில் விதையிலிருந்து மறுபடி விதைக்கு வந்துவிடும். 2000 ஆம் ஆண்டில் தாவரங்களிலேயே முதலாவதாக இதன் மரபணுத் தொகுதிதான் முழுதாக வாசிக்கப்பட்டது. வேரோ தலைமயிர் போல மெல்லியது, ஒளி ஊடுருவும், கலங்கள் எண்ணி அடுக்கி வைத்தது போல இருக்கும். குறுக்கே வெட்டினால் மேற்பட்டையில் பெரும்பாலும் எட்டுக் கலங்கள், அதற்கு உள்ளேயுள்ள அகத்தோலில் எட்டு. இவ்வளவு ஒழுங்கு இருந்தால் ஒரு கலம் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வேரின் நுனியில், தொப்பிக்குச் சற்று மேலே, நட்டநடுவில் பெரும்பாலும் நான்கே நான்கு கலங்கள். அவை மிகமிக மெதுவாகத்தான் பிரியும். பல நாட்களுக்குச் சும்மா இருக்கிற மாதிரியே தோன்றும். அவற்றைச் சுற்றி, அவற்றைத் தொட்டுக்கொண்டு, மூலக்கலங்கள். கீழே இருப்பவை தொப்பியின் நடுப்பகுதிக்குக் கலம் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவை மேற்றோலுக்கும் தொப்பியின் ஓரத்துக்கும், மேற்பட்டைக்கும் அகத்தோலுக்கும். மேலே இருப்பவை, காழும் உணவு கொண்டுபோகும் உரியமும் உள்ள வேரின் நடுப்பகுதிக்கு; அதற்கு நடுத்தண்டு என்று பெயர். நடுவிலிருக்கும் சோம்பேறி நால்வருக்கு உறக்க மையம் என்று பெயர்.

இந்த உறக்கத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் இருந்த பிரெடெரிக் குளோவ்ஸ். 1950 களில் அவர் கதிரியக்க அடையாளமிட்ட பொருட்களை வேருக்குக் கொடுத்து, எந்தக் கலம் புதிதாக டி.என்.ஏ. செய்கிறது என்று பார்த்தார். பிரியப்போகிற கலம் முதலில் தன் டி.என்.ஏ.யைப் படியெடுக்க வேண்டும்; அப்போது அடையாளம் அதற்குள் ஏறும். வேர்நுனியே மின்னும் என்று எதிர்பார்க்கிற இடத்தில், நடுவில் ஒரு குமிழ் மட்டும் இருட்டாக இருந்தது. எல்லாரும் ஓடியாடி வேலை செய்கிற இடத்தின் மத்தியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் சோம்பேறியா, முதலாளியா? குளோவ்ஸ் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். சோள வேருக்கு எக்ஸ் கதிர் அடித்துப் பார்த்தபோது சுற்றியிருந்த கலங்கள் அடிபட்டன. உறங்கியவை எழும்பிப் பிரிந்து இடத்தை நிரப்பின. சோள வேரின் தொப்பியைக் கழற்றினாலும் அப்படியே. உறக்க மையம் விழித்து, புதுத் தொப்பி செய்து முடித்து, மறுபடி படுத்துக்கொள்ளும்.

அப்போ உறக்க மையம் ஒரு சேமிப்பு. அது மட்டும்தானா? நெதர்லாந்தின் உட்ரெக்டில் பென் ஷெரெஸ் குழுவினர் 1990 களில் செய்த பரிசோதனைகள் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்தமானவை. அவர்கள் அரபிடோப்சிஸ் வேருக்குள் ஒரேயொரு கலத்தை லேசர் கதிரால் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாமல், அந்த ஒன்றை மட்டும். அப்புறம் என்ன நடக்கிறது என்று காத்திருந்தார்கள்.

1995 இல் வெளிவந்த முடிவு இது. செத்த கலத்தின் இடத்துக்குள் பக்கத்துக் கலம் தள்ளப்பட்டு வந்தது. வந்த கலம் தன் பழைய தொழிலைத் தொடரவில்லை. புது இடத்தின் தொழிலைப் பிடித்துக்கொண்டது. உறக்க மையத்தின் நான்கு கலங்களையும் கொன்றபோது, மேலே நடுத்தண்டுக்குப் போக வேண்டிய கலங்கள் இறங்கி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தன. கொஞ்ச நாளில் அவையே உறக்க மையம்.

அம்மம்மா ஒரு கதை சொல்லுவா. போசராசன் படையோடு போகும் வழியில் ஒரு தோட்டம். தோட்டக்காரன் பரணில் இருக்கும்போது, ‘வாருங்கள், பறித்துச் சாப்பிடுங்கள், எல்லாம் உங்களுடையது’ என்று கூப்பிடுவான். பரணை விட்டு இறங்கினதும், ‘ஐயோ, என் பயிரை அழிக்கிறார்களே’ என்று அலறுவான். மறுபடி ஏறினால் மறுபடி வள்ளல். கடைசியில் தோண்டிப் பார்த்தால் பரணுக்குக் கீழே விக்கிரமாதித்தனுடைய சிங்காசனம் புதைந்து கிடக்கும். குணம் தோட்டக்காரனுடையதல்ல, அந்த இடத்தினுடையது.

மூலக்கலமும் பரணில் ஏறிய தோட்டக்காரன்தான். அது தனி இனம் அல்ல, தனி வம்சமும் அல்ல. அந்த இடத்தில் இருக்கும்வரை மூலக்கலம். பிரிந்து ஒரு படி தள்ளி வந்தால் சாதாரணக் கலம். மூலக்கலம் எப்படித் தீராமல் இருக்கிறது என்று கேட்பதைவிட, அந்த இடம் எப்படி அழியாமல் இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். (வேர்மயிர்கூட இப்படித்தான். அரபிடோப்சிஸில் உள்ளேயிருக்கும் இரண்டு மேற்பட்டைக் கலங்களுக்கு நடுவிலுள்ள பொருத்தின்மேல் உட்கார்ந்த மேற்றோல் கலம்தான் மயிர் வளர்க்கும்; ஒரே கலத்தின்மேல் உட்கார்ந்தது வளர்க்காது. இதையும் இடம்தான் தீர்மானிக்கிறது.)

சரி, பரணுக்குக் கீழே புதைந்திருப்பது என்ன?

பெரும்பங்கு ஓட்சின். தளிர் இலைகளில் உண்டாகி, தண்டு வழியாகக் கீழே இறங்கும் வளர்ச்சிப் பொருள் இது. வேர்நுனியிலும் கொஞ்சம் உண்டாகும். தண்ணீர் போலத் தானாக வழிந்து வருவதல்ல. ஒவ்வொரு கலத்தின் சுவரோரத்திலும் ஓட்சினை வெளியே தள்ளும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு ‘பின்’ என்று பெயர், ஆங்கிலத்தில் குண்டூசிதான். அந்தப் புரதம் பழுதான செடியில் பூக்காம்பு மொட்டையாக, குண்டூசி போல நின்றதால் வந்த பெயர். வேரின் நடுத்தண்டில் இந்தப் புரதங்கள் கலத்தின் கீழ்ப்பக்கம் இருக்கும், ஆகவே ஓட்சின் கீழே போகும். தொப்பிக்கு வந்ததும் பக்கவாட்டில் திருப்பிவிடப்படும். மேற்றோலில் புரதங்கள் மேல்பக்கம் இருப்பதால் அங்கே மேலே ஏறும், ஏறி மறுபடி உள்ளே திரும்பும். தலைகீழாகப் பிடித்த நீரூற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றோட்டத்தில் ஓட்சின் அதிகம் தேங்கி நிற்கும் இடம் உறக்க மையமும் அதற்குக் கீழுள்ள மூலக்கலமும்தான். கலங்கள் வரும், போகும். சுழி மட்டும் அதே இடத்தில் நிற்கும். ஆற்றில் சுழி நிற்கிற இடத்தில் எப்போதும் ஒரே தண்ணீரா இருக்கிறது?

ஓட்சின் தேங்கும் இடத்தில் பிளெதொரா என்ற புரதங்கள் எழும்புகின்றன. நுனியில் அடர்த்தி, மேலே போகப் போக நீர்த்துக்கொண்டே வரும். அடர்த்தி கூடிய இடத்தில் மூலக்கலம். நடுத்தரமான இடத்தில் வேகமாகப் பிரியும் கலம். குறைந்த இடத்தில் பிரிவதை விட்டுத் தொழிலுக்குப் போகும் கலம். ஒரு புரதத்தின் அளவே மூன்று விதமான உத்தரவாகிறது. நீர்ப்பதற்கு ஒரு காரணம், கலங்கள் பிரியும்போது உள்ளேயிருக்கும் புரதமும் பங்கு போவது. தேத்தண்ணீரில் வெந்நீர் விட்டுக்கொண்டே போகிற மாதிரி. இந்தப் புரதங்களில் முக்கியமான இரண்டும் இல்லாத செடியில் மூலக்கலங்கள் தங்குவதில்லை. வேர் கொஞ்சம் நீண்டு நின்றுவிடும். இதற்கு மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. 2004 இல் வெளிவந்த ஆய்வில், பிளெதொராவை முளையம் (விதைக்குள் உருவாகும் குட்டிச் செடி) முழுவதிலும் கட்டாயமாக எழுப்பிவிட்டபோது, இலை வரவேண்டிய தலைப்பக்கத்திலேயே வேர் முளைத்தது.

ஆனால் ஓட்சின் மட்டும் இருந்தால் மேலிருந்து கீழ் எவ்வளவு தூரம் என்பதுதான் கலத்துக்குத் தெரியும். உள்ளிருந்து வெளியே எத்தனையாவது அடுக்கு என்று யார் சொல்வது? அதற்கு இன்னொரு சோடிப் புரதங்கள். ஒன்றின் பெயர் குறுவேர், அது பழுதான செடியின் வேர் குட்டையாக இருந்ததால். மற்றதின் பெயர் வெருளி. ஆங்கிலத்தில் வைத்த ஸ்கேர்குரோ என்ற பெயருக்கு எங்கள் தோட்டங்களில் புழங்கும் சொல் இதுதான். குறுவேர்ப் புரதம் நடுத்தண்டில் உண்டாகும். உண்டான இடத்தில் நிற்காமல் சுவரிலுள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியே வெளியே ஒரு அடுக்குத் தாண்டும். அங்கே வெருளி காத்துக்கொண்டிருக்கும். பிடித்து, கலத்தின் கருவுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும், அதற்கு மேல் போகவிடாது. ஆக நடுத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரேயொரு அடுக்குக்குத்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். அந்த அடுக்கு அகத்தோல். அதே அடுக்கின் அடி முனையில், ஓட்சின் சுழியும் வந்து சேரும் இடத்தில், உறக்க மையம். தபாலில் வீதிப் பெயர் மட்டும் இருந்தால் கடிதம் அலையும், வீட்டு இலக்கமும் வேண்டும். ஓட்சினும் பிளெதொராவும் வீதி, குறுவேரும் வெருளியும் இலக்கம்.

இடம் கிடைத்தாயிற்று. அந்த இடத்தில் உறங்குகிறவர் சும்மா உறங்குகிறாரா? 1997 இல் அதே உட்ரெக்ட் குழு இன்னும் நுணுக்கமாக ஒரு வேலை செய்தது. உறக்க மையத்தின் நான்கு கலங்களில் ஒன்றை மட்டும் சுட்டார்கள். இங்கே அயடீன் வருகிறது. மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும் என்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே செய்து பார்த்திருப்பீர்கள். தொப்பியின் நடுப்பகுதிக் கலங்களில் மாப்பொருள் மணிகள் உண்டு; அவை பாரத்தில் அடியில் படிவதை வைத்துத்தான் வேர் எது கீழ்ப்பக்கம் என்று அறிகிறது. அந்தக் கலங்களுக்குத் தாயான மூலக்கலத்தில் மணிகள் இருக்காது. ஆகவே அயடீன் போட்டால் மூலக்கலம் தெளிவாக நிற்கும், அதன் பிள்ளைகள் கறுக்கும். உறக்க மையக் கலம் ஒன்றைச் சுட்டதும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த மூலக்கலத்தில் மட்டும் மணிகள் தோன்றின. அது பிரிவதையும் விட்டது. சுடப்படாத கலத்தைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்து மூலக்கலம் பழையபடி தெளிவாகவே நின்றது.

அப்படியென்றால் உறக்க மையம் பக்கத்திலிருப்பவரிடம் ‘இன்னும் போகாதே, இன்னும் முதிராதே’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தொட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் அது கேட்கும். ஒரு கலம் தள்ளிப் போனால் கேட்காது. மூலக்கலம் பிரிந்ததும் ஒரு பிள்ளை ஏன் மூலக்கலமாகவும் மற்றது ஏன் சாதாரணமாகவும் போகிறது என்பதற்கு இதுதான் காரணம். ஒன்று உறக்க மையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மற்றது தள்ளப்பட்டுவிட்டது.

இந்தச் சொல்லைக் கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று வொக்ஸ் ஐந்து. உறக்க மையத்தில்தான் அதன் பரம்பரையலகு (மரபணு) வேலை செய்யும். அது இல்லாத செடியில் தொப்பியின் மூலக்கலம் அயடீனில் கறுக்கும். அதைக் கூட்டிக் கொடுத்தால் மணி இல்லாத கலங்கள் அடுக்கடுக்காகப் பெருகும். தண்டின் நுனியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வூஷெல் என்ற புரதம் மூலக்கலங்களைக் காக்கிறது. 2007 இல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வேரின் வேலையைத் தண்டுப் புரதமும், தண்டின் வேலையை வேர்ப் புரதமும் செய்தன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் திரியும் மான்கள் கடித்துவிட்டுப் போகிற தளிருக்கும், மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாத வேர்நுனிக்கும் காவல் வைத்த முறை ஒன்றேதான். தளிருக்குத் தொப்பி இல்லை என்பது மானுக்கு வசதி.

பிரியிழையம் மேலே எங்கே முடிகிறது என்பதைச் சைற்றோகைனின் என்ற இன்னொரு வளர்ச்சிப் பொருள் பார்த்துக்கொள்கிறது. அது ஓட்சினின் பேச்சை அடக்கி, கலங்களை முதிரச் சொல்லும். கீழே எவ்வளவு வேகமாகக் கலம் பிறக்கிறதோ அதே அளவு மேலே வெளியேறினால் பிரியும் பகுதியின் நீளம் மாறாது. இதைப் பற்றி எழுத நிறைய உண்டு, ஆனால் நாங்கள் பரணைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

“அது சரி மாமா, முதல் முதல் அந்தப் பரணை ஆர் கட்டினது?” என்று கேட்டாள். விதைக்குள்ளேயே கட்டப்படுகிறது. கருக்கட்டிய முதல் கலம் இரண்டாகப் பிரியும்போது மேல் கலத்திலிருந்து முளையம் உண்டாகும். கீழ்க் கலத்திலிருந்து முளையத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு காம்பு. கொப்பூழ்க்கொடி என்று சொன்னால் முழுக்கச் சரியில்லை, ஆனால் ஞாபகத்துக்கு உதவும். முளையம் சின்ன உருண்டையாக இருக்கும் கட்டத்தில் அதற்குள்ளிருந்து ஓட்சின் கீழே வடிந்து, காம்பின் உச்சிக் கலத்தில் சேரும். அந்த உச்சிக் கலம் அதுவரை வெறும் காம்பு. ஓட்சின் வந்ததும் அது சமமில்லாமல் பிரியும்: மேலே வில்லை போன்ற ஒரு சிறு கலம், கீழே பெரிய ஒன்று. வில்லை உறக்க மையத்தின் தாய். கீழுள்ளது தொப்பியின் நடுப்பகுதிக்கு. முளையத்துக்குள் ஓட்சினின் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் மொனொப்டெரொஸ் என்ற புரதம் பழுதானால் இந்தப் பிரிவு சரியாக நடக்காது. வேரில்லாத முளை வரும். எனக்கு இதில் பிடித்தது, வேரின் மையம் முளையத்தின் சொந்த வம்சம்கூட இல்லை, தாங்கிநின்ற காம்பிலிருந்து வந்தது என்பதுதான். பரணில் ஏற்ற ஆள் தேவைப்பட்டபோது பக்கத்தில் நின்றவனை ஏற்றிவிட்டது.

அது ஒருமுறைதான் நடக்கும். ஆனால் ஒரு செடிக்கு எத்தனை வேர்நுனி! மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி பெரும்பாலும் அறுந்துவிடும். நட்டபின் கன்று சாவதில்லை, பக்கவேர்கள் வந்துவிடும். அந்தப் பக்கவேர்களுக்கு முளையக் காம்பு எங்கே? வேண்டியதில்லை. முதிர்ந்த வேருக்குள், அகத்தோலுக்கு அடுத்து உள்ளே, பரிவட்டவுறை என்று ஒரு அடுக்கு இருக்கிறது. காழ் முனைக்கு நேரே இருக்கும் சில பரிவட்டவுறைக் கலங்களில் ஓட்சின் கூடும். அவை பிரியத் தொடங்கும். சின்ன மொட்டு போல உருண்டு, வெளி அடுக்குகளைத் தள்ளி விலக்கிக்கொண்டு வெளியே வரும். வருகிற வழியிலேயே உள்ளுக்குள் புதுச் சுழி, புதுப் பிளெதொரா, புதுக் குறுவேர், வெருளி, நடுவில் புது உறக்க மையம். புறப்பட்ட இடம் வேறு, வந்து சேர்ந்த அமைப்பு அதே.

வெங்காயத்தின் வேர்கள் இன்னொரு வேரிலிருந்துகூட வருவதில்லை. அடியிலுள்ள கட்டைத் தட்டுத்தான் வெங்காயத்தின் தண்டு, அதிலிருந்துதான் வேர்கள் இறங்குகின்றன. ஆலம் விழுதும் கிளையிலிருந்து இறங்கும் வேர்தான். தண்டில் பிறந்த வேர் என்றாலும் நுனிக்குள் மூலக்கலமும் தொப்பியும் உண்டு.

சேதம் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.யைக் கெடுக்கும் மருந்தை அரபிடோப்சிஸ் வேருக்குக் கொடுத்தால் உறக்க மையத்தைச் சுற்றியுள்ள மூலக்கலங்கள் முதலில் சாகும். பழுதான பிரதியை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிடச் செத்துப்போவது செடிக்கு லாபம். உறக்க மையம் பிழைத்து, விழித்து, அந்த இடங்களை நிரப்பும். மெதுவாகப் பிரிவதால் படியெடுக்கும் தடவைகள் குறைவு, பிழை சேர்வதும் குறைவு என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். உறங்கியது வீணில்லை.

உறக்க மையத்தையும் சேர்த்து வெட்டி எறிந்தால்? அதையும் 2009 இல் செய்து பார்த்தார்கள். வேர்நுனியை, உறக்க மையமும் மூலக்கலங்களும் எல்லாம் போகும்படி துண்டித்தார்கள். வெட்டு நுனிக்குக் கிட்ட இருந்தால், மிஞ்சிய வேரின் அடியில் புது நுனி வளர்ந்தது, தொப்பியோடு. மூலக்கலங்களைத் தக்கவைக்க முடியாத, பிளெதொரா பழுதான செடிகள்கூடத் திரும்பச் செய்தன. வெட்டு மேலே போகப் போக அந்தத் திறமை குறைந்து, ஓரளவுக்கு மேல் இல்லாமலே போயிற்று. அங்கே இருந்த கலங்கள் அதற்குள் முதிர்ந்துவிட்டன.

இதைக் கேட்டதும் மருமகள் சமையலறைக்குப் போய்ப் புதுப் பிளேட் ஒன்றோடு வந்தாள். போத்தலில் மூன்று வேர்களின் நுனியைக் கவனமாக வெட்டினாள், பாடத்தில் சொன்ன அதே இரண்டு மில்லிமீற்றர். “பிள்ளை, அது கூடிப் போச்சு” என்றேன், கேட்கவில்லை. நான்கு நாள் பார்த்தோம். மூன்றும் நீளவில்லை, ஒன்றின் வெட்டுவாய் பழுப்பாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை அடித்தட்டின் ஓரத்தில் வெள்ளையாக இரண்டு புது மொட்டுகள் தலைகாட்டின. அவள் அவற்றுக்குப் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து, கொப்பியில் திகதியை எழுதிக்கொண்டாள்.